பையர் லிஸ்ட்டுக்கு முப்பதாயிரம் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் ரெண்டு ஏக்கர்ல முருங்கை போட்டிருக்கோம். காய் விலை படுத்துட்டா பறிகூலிக்கே கட்ட மாட்டேங்குது, அதனால இலையைக் காயவச்சு பொடியாக்கி எக்ஸ்போர்ட் பண்ணலாம்னு இருக்கோம். ஆன்லைன்ல ஒருத்தர் தன்னை ஏற்றுமதி வல்லுநர்னு சொல்லிக்கிறாரு, முப்பதாயிரம் கட்டினா ஏற்றுமதிக்கு வேணுங்கிற ஐஈசி நம்பரை எடுத்துக் குடுத்து, ஐரோப்பாவுல வாங்குறவங்க பேர் இருக்கிற பையர் லிஸ்ட்டும் தர்றாராம், மூணு மாசத்துல முதல் கண்டெய்னர் போயிருமாம். கட்டலாமா? – கரூர் மாவட்ட வாசகி

பதில்: கட்டாதீங்கம்மா. அவர் தர்றேங்கிறதை ஒண்ணொண்ணா பாருங்க. ஐஈசி, டிஜிஎஃப்டிங்கிற மத்திய அரசு வெளிநாட்டு வர்த்தகத் துறையோட வெப்சைட்ல நாமளே எடுக்கிறதுதான், ஃபீஸ் 500 ரூபா, பான், பேங்க் விவரம், முகவரிச் சான்று இருந்தா போதும், வர்ற நம்பரும் உங்க பான் நம்பரேதான். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலேர்ந்து ஆன்லைன்ல இலவசம், அதுக்கும் யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. பையர் லிஸ்ட்டை எடுத்துக்கிட்டா, அவர்கிட்ட பணம் கட்டின எல்லாருக்கும் அதே லிஸ்ட்டுதான் போகும், எல்லாரும் அதே கம்பெனிக்குத்தான் மெயில் போடுவாங்க, யாருன்னே தெரியாத புது ஆளுக்கு அவன் ஏன் ஆர்டர் குடுக்கப் போறான்?

எனக்கு இதுல பெரிய கவலை அவர் சொல்லாம விட்ட விஷயம்தான். ஐரோப்பாவுல ஒரு பூச்சிமருந்துக்குன்னு தனியா வரம்பு போடலைன்னா, பொருள்ல தங்குற மருந்து மிச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம், அதைத் தாண்டினா சரக்கு உள்ள போகாது. காய்க்காக புழுவுக்கு மருந்து அடிச்ச மரத்துலேயே இலையையும் பறிச்சீங்கன்னா அங்கேயே மாட்டிக்குவீங்க, இலை காஞ்சு சுருங்கும்போது அந்த மிச்சமும் கூடித்தான் நிக்கும். அதனால இலைக்குன்னு தனியா மருந்து படாத வயல் வேணும், கழுவுற தண்ணி, காயப்போடுற இடம், அரைக்கிற மெஷின் எல்லாம் சுத்தமா இருக்கணும். 2025ல அமெரிக்காவுல முருங்கை இலைப் பொடி சேர்த்த பொருளால சால்மோனெல்லாங்கிற வயித்துப்போக்குக் கிருமி பரவுச்சு, அந்தப் பொடி இந்தியாவுலேர்ந்து போனதுன்னு கண்டுபிடிச்சு சரக்கைத் திரும்ப எடுத்தாங்க. இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறமும் லேப் டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை பேசாம மூணு மாசத்துல கண்டெய்னர்னு ஒருத்தர் சொல்றாருன்னா அவர் இந்தப் பொடியை அனுப்பிப் பார்த்தவரா இருக்க முடியாது. உங்களை மாதிரி ஆளுங்க கட்டுற காசுதான் அவரோட வருமானம்னா உங்க சரக்கு துறைமுகத்துல நின்னா அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல, முழுக்க உங்க தலையிலதான் விழும்.

ஆளை சோதிக்கணுமா, அவர் கம்பெனியோட ஜிஎஸ்டி நம்பரைக் கேளுங்க. ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா எப்ப பதிவு பண்ணது, இப்ப நடப்புல இருக்கான்னு யார் வேணாலும் பார்க்கலாம், ஐஈசியையும் அதே மாதிரி டிஜிஎஃப்டி தளத்துல பார்க்கலாம். அப்புறம் அவர் பேர்ல போன ஷிப்பிங் பில், அதாவது சரக்கு அனுப்ப கஸ்டம்ஸ்ல குடுக்கிற பத்திரம், ஒண்ணு காட்டச் சொல்லுங்க, விலையை மறைச்சுக் காட்டினாலும் பரவாயில்ல. எம்ஈஐஎஸ்ங்கிற ஏற்றுமதி ஊக்கச் சலுகை வாங்கித் தர்றேன்னு இன்னும் பேசினாருன்னா அங்கேயே நிறுத்திக்கங்க, அது 2020 டிசம்பரோட முடிஞ்சு போச்சு, 2021 ஜனவரியிலேர்ந்து அதுக்குப் பதிலா வந்த ரோட்டெப் திட்டம்தான்.

பணம் விஷயத்துலயும் ஒண்ணு சொல்லிடறேன், முதல் ஆர்டர்லேயே சரக்கு போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் கழிச்சுப் பணம்ங்கிற பேச்சுக்கு ஒத்துக்காதீங்க, அட்வான்ஸ் வாங்குங்க. கடன்ல அனுப்பித்தான் ஆகணும்னா வாங்கினவர் பணம் தராம போனா ஈடு குடுக்கிற ஈசிஜிசிங்கிற மத்திய அரசு நிறுவனத்துல பாலிசி எடுத்துட்டு அனுப்புங்க, வாங்குறவரை விசாரிச்சு எவ்வளவு வரைக்கும் கடன் குடுக்கலாம்னு அவங்களே லிமிட் போடுவாங்க. முதல்ல கரூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருநாள் போங்க. முருங்கைக்குன்னு தமிழ்நாடு அரசு அறிவிச்ச சிறப்பு ஏற்றுமதி மண்டலத்துல உங்க மாவட்டமும் இருக்கு, அதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டுப் பாருங்க. அந்த முப்பதாயிரத்தை லேப் டெஸ்ட்டுக்கு வச்சுக்கங்கம்மா.

கேள்வி: வீட்டுலேர்ந்து சேலை விக்கிறேன், மாசம் அறுபதாயிரம் வரைக்கும் ஓடுது. ஒருத்தர் முதல் நாள்லேர்ந்தே ஜிஎஸ்டி வேணும்ங்கிறாரு, இன்னொருத்தர் வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் கவலையே இல்லைங்கிறாரு. யாரை நம்புறது? – சேலம் வாசகி

பதில்: ரெண்டு பேர் சொன்னதும் யாரோ ஒருத்தருக்கு சரிதான், ஆனா நீங்க எந்த ஊருக்கு அனுப்புறீங்கன்னு ரெண்டு பேருமே கேட்ட மாதிரி தெரியலையே. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விக்கிறவங்களுக்குத்தான் அந்த 40 லட்சம். பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் பொதுவா அந்த வரம்பு செல்லாது, பதிவு எடுத்தாகணும். பெரிய ஆன்லைன் சந்தைத் தளங்கள்ல போட்டு விக்கணும்னா முன்னாடி எல்லாருக்குமே பதிவு கட்டாயம், 2023 அக்டோபர் 1லேர்ந்து மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்னவங்க வரம்புக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு என்ரோல்மெண்ட் நம்பர் மட்டும் வாங்கிட்டு விக்கலாம். பதிவுக்கு அரசு ஃபீஸ் எதுவும் இல்ல. கடைசி மூணு மாச பார்சல் ரசீதை எடுத்துக்கிட்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்க, அவருக்குக் குடுக்கிற காசு வீண் இல்ல.

கேள்வி: ஆன்லைன் பிசினஸ் கோச்சிங்னு இருபதாயிரம் கட்டிட்டேன். மாசம் லட்ச ரூபா உறுதின்னாங்க, இப்ப நாலு பழைய வீடியோவைக் குடுத்துட்டு ஃபோனே எடுக்கிறதில்ல. பணம் திரும்பக் கிடைக்குமா? – நெல்லை வாசகர்

பதில்: கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது தம்பி, ஆனா முயற்சி பண்ண வழி இருக்கு, வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துடாதீங்க. அந்த விளம்பரம், லட்ச ரூபா உறுதின்னு அவங்க அனுப்பின மெசேஜ், பணம் கட்டின யுபிஐ நம்பர் எல்லாத்தையும் அவங்க அழிக்கிறதுக்குள்ள இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. முதல்ல 1915ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுங்க, ஆளே போலின்னு தெரிஞ்சா 1930ங்கிற சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்கும் உடனே சொல்லுங்க. அதுலயும் நடக்கலைன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலேயே வழக்குப் போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டியதில்ல. கட்டின பணம் 5 லட்சத்துக்குள்ளங்கிறதால ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வைக்காம நீங்களே ஆஜராகலாம்.