மீடியா கேட்வே இணைப்பு: கேள்வி பதில்

கேள்வி: புது மீடியா கேட்வேக்கு (தொலைபேசி லைன்களை ஐபி நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) பிங் போகிறது. ஆனால் அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் சர்வரில் பதிவாகவே மாட்டேன் என்கிறதே சார்?

பதில்: பிங் போனால் பாதை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுடையது எச்.248-இல் (சர்வர் கேட்வேயைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை) பேசும் கேட்வே என்றால், முதலில் அதற்குள் நுழைந்து சர்வர் பட்டியலில் சரியான ஐபி இருக்கிறதா பாருங்கள். அடுத்து ஃபயர்வால்: எச்.248-க்கான போர்ட்டுகள் 2944, 2945. தயாரிப்பாளர் வேறு எண் வைத்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். இரண்டும் சரியா? அப்படியானால் வரிசை எண். சில அமைப்புகளில் சர்வர் கேட்வேயை அடையாளம் காண்பதே பெட்டியின் வரிசை எண்ணை வைத்துத்தான். ஒருமுறை இரவு பதினொரு மணி வரை கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், ஸ்டிக்கரில் இருந்த ஆங்கில ‘B’யை 8 என்று படித்துத் தட்டியிருந்தேன். அன்றிலிருந்து ஸ்டிக்கரை நம்புவதில்லை. கேட்வேயின் கட்டளைத் திரையிலிருந்து காப்பி எடுத்து ஒட்டிவிடுகிறேன்.

கேள்வி: மணி அடிக்கிறது. எடுத்தால் நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மணி அடித்ததே, சிக்னலிங் (அழைப்பை இணைக்கும் தகவல் பரிமாற்றம்) நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். குரல் பெரும்பாலும் சர்வர் பக்கமே போகாது. போனுக்கும் கேட்வேயின் டிஎஸ்பிக்கும் (குரலைக் கையாளும் சிப்) நடுவில் ஆர்டிபியாக, அதாவது குரல் பாக்கெட்டுகளாக, நேரே ஓடும். கேட்வே இருக்கும் அதே சப்நெட்டில் ஒரு போனைச் செருகிப் பேசிப் பாருங்கள். அங்கே இரு பக்கமும் கேட்டால், கேட்வேயிலிருந்து உங்கள் போனின் விலேனுக்கு (நெட்வொர்க்கில் போன் இருக்கும் பிரிவு) வரும் வழியில்தான் கோளாறு. டீஃபால்ட் ரூட் தப்பாக இருக்கும், அல்லது நடுவில் ஃபயர்வாலோ, ஐபி முகவரியை மாற்றும் NAT-ஓ ஆர்டிபி போர்ட்டுகளை மறிக்கும்.

கேள்வி: பவரை அணைக்காமல் கேட்வேயில் செருகியிருக்கும் கார்டைக் கழற்றலாமா?

பதில்: அந்த மாடலின் கையேடு அனுமதித்தால் மட்டும். அதற்கு முன் சர்வரில் அந்த போர்ட்டுகளை பிஸி-அவுட் செய்துவிடுங்கள், அதாவது புது அழைப்பு வராமல் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பிஆர்ஐ (சேவை நிறுவனத்திலிருந்து வரும் டிஜிட்டல் தொலைபேசி லைன்) விளக்கு பச்சையாக எரிகிறது. பேச்சு பரவாயில்லை, அவ்வப்போது ‘டிக்’ சத்தம். ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்துபோகிறது.

பதில்: கிளாக்தான், அநேகமாக. சேவை நிறுவனத்தின் லைனிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், கேட்வே தன் சொந்தக் கிளாக்கில் ஓடுகிறது. ஸ்லிப் (இரு பக்கக் கிளாக்கும் பொருந்தாமல் கொஞ்சம் டேட்டா தவறுவது) எண்ணிக்கையைப் பாருங்கள், ஏறிக்கொண்டே போகும். ஒரு ஸ்லிப்பைக் காது மன்னித்துவிடும், ஃபேக்ஸ் மோடம் மன்னிக்காது. கிளாக் மூலத்தை அந்த லைனுக்கு மாற்றி, கவுண்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: கிளை அலுவலக லிங்க் 2 எம்பிபிஎஸ். 20 பேர் ஒரே நேரத்தில் பேசலாமா?

பதில்: ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் ஐபி அளவில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். இருபதுக்கு 1.6 எம்பிபிஎஸ் ஆகிவிடும். டேட்டாவும் அதே லிங்கில் போகிறதென்றால் நெருக்கடிதான். குரலை அதிகம் சுருக்கும் ஜி.729 என்றால் 24 கேபிபிஎஸ் போதும், ஆனால் குரல் மாற்றும் வேலை டிஎஸ்பி தலையில் விழும், சானல் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். எந்தக் கோடெக்கானாலும் குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 (முன்னுரிமைக் குறி) போடுங்கள். ஃபேக்ஸை ஜி.729-இல் விடாதீர்கள், அதற்கு டி.38 (ஐபி வழியே ஃபேக்ஸ் அனுப்பும் முறை).