சிங்கப்பூர் வீட்டில் கரண்ட் பில்: தேவகோட்டைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் மூன்று வாரமே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ஆச்சி, அடுத்த மாதம் தனி வாடகை வீட்டுக்குப் போகிறோம். கைக்குழந்தை இருக்கிறது. ஏர்கான், ஹீட்டர் எல்லாம் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு வரும்? ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்தால் பில் ஏறுமா?"

கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அங்கே பிளக் மட்டும் வேறு, மூன்று தட்டைக் கால் உள்ளது. அதை மாற்றிக்கொண்டால் போதும். டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட் இருக்கும். முக்கால் மணி நேரம் அரைத்தாலும் மூன்று, நான்கு காசுக்கு (சிங்கப்பூர் சென்ட்) மேல் ஆகாது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். அதை யூனிட் விலையால் பெருக்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலையைத் திருத்துவார்கள். மனக்கணக்குக்கு 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டும். ஈபியில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 தாண்டினால் கணக்கே மாறும். அதனால் நாம் எப்போதும் மொத்த யூனிட்டின் மீதே கண் வைத்திருப்போம். சிங்கப்பூரில் இலவசமும் கிடையாது, யூனிட் கூடக்கூட விலை மாறும் படியும் கிடையாது. முதல் யூனிட்டுக்கும் முந்நூறாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. ஆகவே எந்தச் சாமான் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டியது சூடாக்குவதற்கும் குளிராக்குவதற்கும்தான். மிக்ஸி, லைட், போன் சார்ஜர் எல்லாம் சில்லறை.

நான் ஏமாந்தது ஹீட்டரில். போன புதிதில் எங்கள் வீட்டில் இருந்தது தொட்டி வைத்த ஹீட்டர், 3000 வாட். சூடானதும் தானாக நின்றுவிடுமே என்று சுவிட்சை அணைக்காமலே விட்டிருந்தோம். ஒரு ராத்திரி குழந்தைக்குப் பால் கலக்க எழுந்தேன். குளியலறை இருட்டில் ஹீட்டருக்கு அடியில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு தானாக எரிய ஆரம்பித்தது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. தொட்டித் தண்ணீர் ஆற ஆற, அது மறுபடி மறுபடி காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது. 3000 வாட் இருபது நிமிடம் எரிந்தால் ஒரு யூனிட். பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா குளித்து முடித்ததும் வெந்நீர் அடுப்பில் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். அதையே நான் சுவிட்சில் செய்திருக்க வேண்டும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போடுங்கள், குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஏர்கான். அதன் மேல் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே எட்டு மணி நேரத்தால் பெருக்காதீர்கள். இன்வெர்ட்டர் ஏர்கான் அறை குளிர்ந்ததும் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மீட்டரைப் பார்ப்பதே நல்ல வழி. ஒரு நாள் ஏர்கான், ஒரு நாள் ஃபேன் மட்டும். இரண்டு நாளும் படுக்கும்போதும் எழும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்துப் பாருங்கள். எங்கள் படுக்கையறையில் ஒரு ராத்திரிக்கு 4 யூனிட் வித்தியாசம் வந்தது. 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 காசு, மாதம் 36 வெள்ளி. தொகை தெரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. குழந்தை தூங்கும் அறைக்கு அதைச் செலவழிக்கலாம் என்று முடிவு செய்தோம். கூடத்து ஏர்கானைத்தான் நிறுத்தினோம்.

வீட்டு விசேஷத்துக்காகப் பள்ளத்தூர் வந்திருக்கிறேன். இதை எங்கள் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஒரு ஃபேன் போதும். தடித்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, நடுவில் திறந்த வளவு, அதாவது முற்றம். சூடு மேலே போய்விடுகிறது. அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. மேற்குப் பார்த்த சுவர் சாயங்காலம் வரை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி அறைக்குள் விடும். வாடகைக்குப் பார்க்கும்போது படுக்கையறையை மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் கை வைத்தாலே தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் செருகியிருந்தாலும் விட்டுவிட்டுத்தான் ஓடும். அதற்கு வாட் கணக்கு ஒத்துவராது. கடையில் அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். தண்ணீர், கேஸ், குப்பைக் கட்டணம் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். கரண்ட் வரியைத் தனியாகப் பாருங்கள். மலாயாவில் பெட்டியடியில், அதாவது கடையின் கணக்குப் பெட்டிக்கு முன்னால், இருந்த எங்கள் ஐயா, ஒரு காசு இடித்தாலும் கண்டுபிடிக்காமல் படுக்க மாட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். நீங்களும் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். வீட்டுச் சாவி வாங்கும் அன்றைக்கே மீட்டரைப் போனில் படம் எடுத்து, அந்த எண்ணை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.