இணைய வணிகம்: கேள்வி – பதில்

கே: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறோம். கூகுள் வரைபடத்தில் நிறுவனப் பெயரோடு ‘வருமான வரி, எஸ்எஸ்டி, கேஎல் சென்ட்ரல்’ என்று (எஸ்எஸ்டி: விற்பனை, சேவை வரி; கேஎல் சென்ட்ரல்: அருகிலுள்ள ரயில் நிலையம்) சேர்த்தோம், பக்கம் முடங்கிவிட்டது. புதிதாகத் திறக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். இரட்டைப் பதிவென்று அதுவும் போகும். பெயர்ப்பலகையில் உள்ளதுதான் பெயர். வரிச் சேவைகளெல்லாம் ‘சேவைகள்’ பகுதிக்கு. முதலில் பெயரைத் திருத்துங்கள், பிறகே கூகுளிடம் மேல்முறையீடு. அனுப்பியதும் ஆதாரம் ஏற்ற 60 நிமிடம்தான் தருவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) சான்றிதழ், டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) உரிமம், மின்கட்டண பில் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்: பில்லில் ‘ஜாலான் துன் சம்பந்தன் 4’, பக்கத்தில் எண் இல்லாமல் வெறும் ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்றால் சிக்கல். மதிப்புரைக்குத் தள்ளுபடி தருவதும் விதிமீறலே, சொல்லிவிட்டேன்.

கே: புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒளிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்புவது பாதிப் பேருக்குப் போவதில்லையே?

ப: உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் கைப்பேசியில் சேமித்திருந்தால்தான் போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். வாங்கிய எண்களைக் கொட்டி அனுப்பினால் புகார் குவிந்து கணக்கே தடைபடும்.

கே: முகநூல் விளம்பரத்துக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கினால் 540 பிடிக்கிறார்கள்?

ப: மலேசிய சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. மொத்தம் 500-ஐத் தாண்டக் கூடாதென்றால் 462-இல் நிறுத்துங்கள்.