தகரத்துக்கு வாங்கிய ஸ்குரூவைப் பிளாஸ்டிக்குக்கும் போடலாமா?

பின்கதவுத் தகரத்துக்கு வாங்கிய ஸெல்ஃப் டெப்பிங் ஸ்குரூ (தானே புரி பதித்துக்கொண்டு இறங்குவது) மிச்சம் இருக்கிறது, தண்ணீர் மோட்டாரின் பிளாஸ்டிக் மூடிக்கும் அதையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டால் ஏறும், நிற்காது.

மட்டக்களப்புக் கல்லடியில் ஃபேன், கிரைண்டர் திருத்துகிற ஆள் நான். தொழில் தொடங்கின புதிதில் ஒரு மாமியின் மேசை ஃபேனுக்குப் பெட்டியில் கிடந்த தகர ஸ்குரூவை முறுக்கிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்: "மனே, நேத்துத் திருத்தின ஃபேன் கழுத்த ஆட்டுது." கழற்றிப் பார்த்தால் ஸ்குரூ இறங்கும் பிளாஸ்டிக் குழல் மேலிருந்து கீழ்வரை மயிரிழையாக வெடித்திருந்தது. செம்புக் கம்பி சுற்றி, மேலே இப்போக்ஸி பூசித்தான் சரிக்கட்டினேன்.

தகர ஸ்குரூவையும் பிளாஸ்டிக்குக்கென்று விற்கிற ஸ்குரூவையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், காரணம் தெரியும். தகரத்துக்கானதில் புரி (சுற்றி ஓடும் சுருள் வரி) நெருக்கம், புரி விளிம்பின் கோணம் 60 பாகை, அதனால் தடிப்பு. பிளாஸ்டிக்குக்கானதில் புரிகள் தள்ளித் தள்ளி, உயர்ந்து, கத்தி விளிம்பு போல மெலிந்திருக்கும். கோணம் 30 பாகை அளவில்தான். தடித்த புரி பிளாஸ்டிக்கை ஆப்பு வைத்த மாதிரி வெளியே தள்ளும், மெலிந்தது கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

துளைதான் பாதி வேலை. அரை மில்லிமீட்டர் தகரத்தில் 8ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு (4.2 மி.மீ.) 3 மி.மீ. பிட் போதும். பிளாஸ்டிக்கில் ஸ்குரூ விட்டத்தின் 80 சதவீதம் வையுங்கள்: 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 3.2. விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமாவது உள்ளே பிடிக்க வேண்டும். டிரில்லால் முறுக்காதீர்கள், கைதான் நல்லது. கழற்றிய ஸ்குரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய புரியில் விழும், அப்புறம் இறுக்குங்கள். பேக்லைட் மாதிரி உடையும் சாமானுக்கு நுனியில் வெட்டு விட்ட ஸ்குரூ வேண்டும், அது தூளை வெட்டிக்கொண்டே இறங்கும்.

நம் பக்கம் உப்புக் காற்று வேறு. மஞ்சள் முலாம் ஸ்குரூ வெளியே இருந்தால் ஒரு மாரிக்குள் துரு வடியும். மோட்டார் மூடிக்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அதையே கொண்டுபோய் அமானோ தகட்டுக் கூரையில் போட்டுவிடாதீர்கள். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் தொடுகிற இடத்தில் தகடு அரிக்கும். கூரைக்கு ரப்பர் வாஷரோடு வருகிற பூச்சுப் போட்ட ஸ்குரூ இருக்கிறது.