கோடரியோடு தொடங்கும் கதை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்குப் பதினொரு வயது. எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையை ஒன்றுவிடாமல் முடித்துவிட்டாள். சென்ற மாதம் ‘சார்லட்ஸ் வெப்’ நாவலைப் படித்தவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று இரவு சாப்பிடக்கூட வரவில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். “லட்சக்கணக்கில் விற்கிற பிள்ளைக் கதையெல்லாம் பொழுதுபோக்கு, அதை இலக்கியத்தோடு சேர்க்காதீர்கள்” என்றார் மூத்தவர் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவை இலக்கியம் ஆகுமா? மகளை வேறு பக்கம் திருப்ப வேண்டுமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

திருப்ப வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விற்பனையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘பினோக்கியோ’ 1881இல் இத்தாலியில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்த கதை. பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் அதை எழுதிய கொலோடி. படித்த பிள்ளைகள் விடவில்லை. அடுத்த ஆண்டு தொடர் மீண்டும் தொடங்கியது. அவர்கள் கேட்டு வாங்கிய அந்தப் பிற்பகுதியில்தான், பெரும் சுறாவின் வயிற்றுக்குள் ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும், தன்னைச் செதுக்கிய கிழத் தகப்பனை அந்த மரப்பொம்மை மகன் கண்டுபிடிக்கிறான். வாசகக் கூட்டம் இல்லாதிருந்தால் அந்தக் காட்சியே நமக்குக் கிடைத்திருக்காது.

எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. நாம் சிறுவருக்காக அச்சிடுகிற எல்லாவற்றுக்கும் ‘சிறுவர் இலக்கியம்’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். சூட்டிய பிறகு படித்துப் பார்ப்பதில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பை வரிவரியாகப் பிரித்துப் பேசுகிறவர்கள், சிறுவர் நாவல் என்றால் “நல்ல கருத்து, எளிய நடை” என்று இரண்டு சொல்லில் வழியனுப்பிவிடுகிறார்கள். உங்கள் வட்டத்து மூத்தவர் செய்வதும் அதுதான். ‘சார்லட்ஸ் வெப்’ நாவலில் எந்த இடம் அவருக்குக் குறையாகப் பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

பிளைட்டனைப் பற்றி நான் மழுப்பப் போவதில்லை. 1942இல் தொடங்கிய அந்த வரிசையில் 21 நாவல்கள். சுரங்கவழி, கள்ளக்கடத்தல், வெளிச்சம் மின்னும் தீவு, வயிறாரச் சாப்பாடு என்று ஒரே தடத்தில் ஓடுகிறவை. அவர் வேகமாக எழுதியவர், அந்த வேகம் வாக்கியத்திலும் தெரிகிறது. ஆனால் முதல் நாவலில் ஓர் இடம் இருக்கிறது. வீட்டில் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்ட நாயை ஜார்ஜ் என்ற சிறுமி ஒரு மீனவப் பையனிடம் ஒளித்து வைத்து, தன் கைச்செலவுக் காசையெல்லாம் அதன் தீனிக்குக் கொடுக்கிறாள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் ஐஸ்கிரீம் வாங்கித் தர வரும்போது வேண்டாம் என்கிறாள். திருப்பி வாங்கித் தரக் காசில்லாதவள் பிறரிடம் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது அவள் ரோஷம். அந்த அரைப் பக்கம் இலக்கியம்தான். அந்தப் பிடிவாதக்காரப் பெண்ணை வளரவிடாமல் அடுத்த புதையலுக்கு ஓடிப்போனதே பிளைட்டன் மீது எனக்குள்ள வருத்தம்.

இனி உங்கள் மகளின் புத்தகம். ஈ. பி. ஒயிட் எழுதி 1952இல் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. அதன் முதல் வாக்கியத்திலேயே கோடரி வந்துவிடுகிறது. காலை உணவுக்கு மேசை ஒழுங்கு செய்துகொண்டிருக்கும் சிறுமி, அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று அம்மாவிடம் கேட்கிறாள். முந்தின இரவு பிறந்த பன்றிக் குட்டிகளில் ஒன்று நோஞ்சான், அதைக் கொல்லப் போகிறார். ஒயிட் எழுதிய முதல் வடிவத்தில் இந்தத் தொடக்கம் இல்லை. எழுதியதை ஏறக்குறைய ஓர் ஆண்டு கிடப்பில் போட்டுவிட்டு, மறுபடி எடுத்துத் திருத்தியபோது கிடைத்தது அது.

அந்தக் குட்டிதான் வில்பர். கோடரியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறவள் அந்தச் சிறுமி. பிறகு இறைச்சிக்காக வெட்டப்படாமல் காப்பாற்றுகிறவள் சார்லட் என்ற சிலந்தி. கடைசியில் சந்தைக் கொட்டகையில் அவளுக்கு நகரவும் பலமில்லை. வில்பரைக் கூண்டுக்குள் தள்ளுகிறார்கள். அவளுடைய முட்டைப் பை அதன் வாய்க்குள் இருக்கிறது. வாயைத் திறந்து விடைபெற முடியாது. கண்ணைச் சிமிட்டுகிறது, அவ்வளவுதான். மறுநாள் கூட்டம் கலைந்த மைதானத்தில் பக்கத்தில் யாருமில்லாமல் அவள் இறந்துபோகிறாள். வசந்தத்தில் 514 குஞ்சுகள் பொரிகின்றன. மூன்றைத் தவிர மற்றவை காற்றில் பறந்துவிடுகின்றன. தங்கியவை மீது வில்பருக்குப் பாசம் உண்டு, ஆனால் சார்லட் இருந்த இடத்துக்கு எவையும் வரவில்லை என்பதையும் ஒயிட் எழுதிவிடுகிறார். ஒலிப்பதிவுக்காக அவரே அந்தப் பகுதியைப் படித்தபோது குரல் உடைந்து பலமுறை நிறுத்த வேண்டியிருந்ததாம்.

சாவைப் பற்றிப் பதினொரு வயதுப் பெண்ணிடம் பொய் சொல்லாமல், அவளைப் பயமுறுத்தவும் செய்யாமல் எழுதுவது எவ்வளவு கடினம்! பெரியவர்களுக்கு எழுதும் என்னைப் போன்றவர்களுக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வசதி இருக்கிறது. ஒயிட்டுக்கு அது இல்லை. அவர் செய்ததை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் அந்த நாவலைப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. மகளிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். முடித்த பிறகு வாசகர் வட்டத்துக்குப் போவதற்கு முன்பு, அன்று அவள் ஏன் சாப்பிட வரவில்லை என்று அவளிடம் பேசுங்கள்.

அன்புடன்