டிரம்மின் அடியில் தங்கும் எஸ்.ஓ.பி.

கேள்வி: சொட்டுநீரில் வாழை வைத்திருக்கிறேன். 200 லிட்டர் டிரம்மில் 25 கிலோ எஸ்.ஓ.பி. மூட்டையையும் 3 கிலோ கால்சியம் நைட்ரேட்டையும் கொட்டி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கலக்கினேன். ஒரு மணி நேரமாகியும் அடியில் வெள்ளை மாவு நிற்கிறது. கடைக்காரர் கலப்பட உரம் கொடுத்துவிட்டாரா?

பதில்: கடைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். எஸ்.ஓ.பி. எனப்படும் பொட்டாசியம் சல்பேட், நீரில் நன்றாகக் கரையும் உப்புகளில் சேர்ந்ததன்று. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரி வெப்பநிலையில் ஏறத்தாழ 11 கிராமும், 30 டிகிரியில் 13 கிராமும்தான் கரையும். அதே 20 டிகிரியில் பொட்டாசியம் குளோரைடு 34 கிராம் கரைகிறது. இந்த அளவுகள் 100 கிராம் தண்ணீருக்கானவை, 100 மில்லி கரைசலுக்கானவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரத்தைக் கொட்டிய பின் விளிம்பு வரை நிரப்பினால், உரமே பத்து லிட்டரளவு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், டிரம்மில் உண்மையில் சுமார் 190 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதில் 30 டிகிரியில் கரையக்கூடியது 24.7 கிலோ, மார்கழி விடியலில் நீர் 20 டிகிரிக்கு இறங்கியிருந்தால் 21 கிலோ மட்டுமே. ஆகவே எஸ்.ஓ.பி.யை மட்டும் போட்டிருந்தாலும், மூட்டை முழுவதும் கரைந்திருக்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு. படிகத்திலிருந்து அயனிகளைப் பிரித்தெடுக்கச் செலவாகும் ஆற்றல், நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும்போது கிடைக்கும் ஆற்றலைவிட இந்த உப்பில் அதிகம் என்பதால், குறையும் பங்கை அது தண்ணீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 25 கிலோ கரைந்தால் நீர் நான்கு டிகிரி வரை குளிர்ந்துவிடும். கலக்கும்போது டிரம்மைத் தொட்டாலே தெரியும். குளிர்ந்த நீரில் கரைதிறன் மேலும் இறங்கும்.

ஆனால் உங்கள் டிரம்மில் பெரிய குற்றவாளி கால்சியம் நைட்ரேட் என்றே நினைக்கிறேன். அதிலுள்ள கால்சியம், எஸ்.ஓ.பி.யின் சல்பேட்டோடு சேர்ந்து, எளிதில் கரையாத ஜிப்சமாக (கால்சியம் சல்பேட்) படிந்துவிடும். 3 கிலோவில் 19 சதவீதம் கால்சியம் என்று கொண்டால் லிட்டருக்குச் சுமார் 0.07 மோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு), சல்பேட்டோ லிட்டருக்கு 0.6 மோலுக்குக் குறையாது. இரண்டையும் பெருக்கினால் 0.042. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கமோ, அதாவது இப்படிப் பெருக்கி வரும் எண் தாண்டினால் படியத் தொடங்கும் எல்லையோ, 0.00003 அளவுதான், ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். செறிந்த கரைசலில் அயனிகள் ஒன்றின் விசையை மற்றொன்று தணிப்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிட வெகுவாகக் குறையும். தூய நீரில்கூட இந்தப் பெருக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்தால் லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் என்றுதான் வருகிறது, ஆனால் கரைவது 2.4 கிராம். அப்படித் தள்ளுபடி செய்தாலும் உங்கள் கலவையில் ஜிப்சமோ, பொட்டாசியமும் சேர்ந்த இரட்டை உப்போ படியாமல் இருக்க வழியில்லை.

எது தங்கியிருக்கிறது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். அடி மாவில் ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் சுத்தமான தண்ணீரில் இட்டுச் சில நிமிடம் கலக்குங்கள். முழுவதும் மறைந்தால் அது எஸ்.ஓ.பி.; பெரும்பகுதி அப்படியே நின்றால் ஜிப்சம். கால்சியம் கலக்காத டிரம்மின் அடி மாவும் தம்ளரில் இப்படிக் கரையாமல் நின்றால் மட்டுமே உரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி 200 லிட்டருக்கு 12 கிலோவைத் தாண்டாதீர்கள். பாதி டிரம் தண்ணீரை முதலில் ஊற்றி, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, பிறகு நிரப்புங்கள். கால்சியம் நைட்ரேட்டை வேறு நாளில், கழுவிய டிரம்மில் தனியாகக் கரைத்து விடுங்கள். இடையில் கடைசி டிரிப்பர் வரை வெறும் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவைப் போல ஆசிட் விட்டு எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்: டிரிப்பரில் இறுகிய ஜிப்சம் ஆசிட்டுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது.