காரைக்குடி போன்ற ஊரில் இருந்துகொண்டு ஏஐ ஆட்டோமேஷன் ஏஜென்சி நடத்த முடியுமா?

ஏஐ ஆட்டோமேஷன் ஏஜென்சி என்றால், கடைகளிலும் அலுவலகங்களிலும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஏஐ கொண்டு தானாக நடக்கும்படி அமைத்துத் தரும் தொழில். கேள்வியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. சென்னைக்குப் போகாமல் இந்தத் தொழில் நடக்குமா, முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார், கையில் எவ்வளவு பணம் வேண்டும். மூன்று ஆண்டுகளாகக் காரைக்குடியில் இதைத்தான் செய்துவருகிறேன் என்பதால் எழுதுகிறேன். நானும் இன்னொருவரும் என்று இரண்டே பேர். மாதாமாதம் பணம் தரும் இடங்கள் ஒன்பது. 'மாதம் பத்து லட்சம்' கதை என்னிடம் இல்லை. வண்டித் தவணையும் வீட்டு வாடகையும் தவறாமல் போகின்றன, அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதம் வீண். லோகோ, இணையதளம், வழவழப்பான விசிட்டிங் கார்டு எல்லாம் செய்துகொண்டு கடை கடையாக ஏறி, 'உங்கள் தொழிலை ஏஐ மூலம் அடியோடு மாற்றித் தருகிறேன்' என்று சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் காப்பியும் கொடுத்தார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. மூன்று தலைமுறையாக நடக்கும் தொழிலை அடியோடு மாற்றச் சொல்லி என்னை யார் கேட்டார்கள்?

கடைசியில் வேலை கொடுத்தவர் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் ஆச்சி. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இந்தச் செல்போனில் நூற்று நாற்பது செய்தி திறக்காமல் கிடக்கிறது. அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் தொழில் தொடங்கியது.

இரண்டு நாள் அவர் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஒரு தூணோரம் உட்கார்ந்து, வரும் செய்திகளை அவரோடு சேர்ந்து கேட்டேன். எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் குரல் பதிவு. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருபவை மூன்று நிமிடம் நீளும். அதில் இரண்டரை நிமிடம் நலம் விசாரிப்பு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற விவரம். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் 'மனகோலம் பத்துக் கிலோ, சீப்புச்சீடை ஐந்து கிலோ' என்று பலகாரக் கணக்கு வந்துவிட்டுப் போகும். ஆச்சி அதைப் பிடித்து நோட்டில் எழுத வேண்டும். தீபாவளி நேரத்தில் அடுப்படியைப் பார்ப்பாரா, இதைக் கேட்டுக்கொண்டிருப்பாரா?

நான் செய்தது சின்ன வேலை. குரலை எழுத்தாக்கி, எழுத்திலிருந்து பொருள், அளவு, தேதி, ஊர் நான்கையும் பிரித்து, ஒரு விரிதாளில் ஒரு வரியாகச் சேர்ப்பது. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் என்8என் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மென்பொருள்), வாட்ஸ்அப்பின் வணிக ஏபிஐ (நம் மென்பொருள் வாட்ஸ்அப்போடு பேசும் வழி), ஒரு மொழி மாதிரி (எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ). கருவிகளைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அடுத்த வருடம் வேறு பெயர்கள் வந்துவிடும்.

முதல் தீபாவளியிலேயே அடி விழுந்தது. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் மனகோலம் 'நூத்திப்பத்து' கிலோ என்று பேசியிருந்தார். பின்னால் பஸ் சத்தம். இயந்திரம் அதை 'நூத்தம்பது' என்று கேட்டது. 110 கிலோ 150 கிலோ ஆனது. மிஞ்சிய நாற்பது கிலோவும் தகர டின்களில் வளவு ஓரமாக வரிசையாக நின்றபோது என்னால் ஆச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி விலையை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த மாதம் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மாலைக் காப்பிக்கு மனகோலம்தான்.

அதற்குப் பிறகு எந்த எண்ணையும் இயந்திரத்தின் காதை நம்பி ஏற்றுவதில்லை. ஆர்டரை எழுத்தில் திருப்பி அனுப்பி, 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான் வைத்துவிட்டேன். 'சரி' வராமல் விரிதாளில் அந்த வரி பச்சையாகாது. பச்சையாகாததை ஆச்சி தொடமாட்டார். இதில் வாட்ஸ்அப்பின் கணக்கு ஒன்று உண்டு: வாடிக்கையாளர் கடைசியாக அனுப்பிய செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாம் சாதாரணமாகப் பதில் எழுதலாம். அதைத் தாண்டினால் அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புச் செய்திதான் (டெம்ப்ளேட்) அனுப்ப முடியும், அதற்குக் கட்டணமும் உண்டு. எனவே உறுதிப்படுத்தும் செய்தி அன்றைக்கே போய்விட வேண்டும். இன்னொன்று, ஏபிஐக்காக நான் புது எண் வாங்கியது முட்டாள்தனம். பலகாரப் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது பழைய எண். ஊர் முழுக்க அதில்தான் பேசியது.

இரண்டாவது பாடம் ஆத்தங்குடியில், ஒரு டைல்ஸ் பட்டறையில். விசாரிக்கிறவர்களுக்கு விலையும் 'எத்தனை நாளில் கிடைக்கும்' என்பதும் தானாகப் போக வேண்டும் என்று முதலாளியின் மகன் கேட்டார். அப்பா ஒப்பவில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து எடுக்கிற பொருள் அது. "ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால் உங்கள் கணினி வந்து காயவைக்குமா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சதுர அடி, வடிவம், எந்த ஊருக்கு என்பதை இயந்திரம் கேட்டு வாங்கிப் பதிலின் வரைவைத் தயார் செய்கிறது. நாள் என்ற இடம் காலியாக வருகிறது. அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு அதை நிரப்பி அனுப்புகிறார்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கிய ஒருவருக்கும் இதே முறைதான். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இரவில் வரும் மின்னஞ்சல்களுக்குக் காலையில் பதில் வரைவு காத்திருக்கும். அனுப்புகிற பொத்தான் மேலாளர் கையில்.

எல்லா வேலையையும் எடுக்காதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒருவர், வாடிக்கையாளர்களிடம் தானாகப் பேசும் சாட்பாட் கேட்டார். வேண்டாம் என்று நானே சொன்னேன். அங்கே ஒரு மரப்பெட்டியின் விலை, கேட்கிறவர் அதைத் தொட்டுப் பார்க்கும் விதத்தைப் பொறுத்தது. அவர் பேசிப் பேசித்தான் விற்கிறார். பேச்சை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு அவர் எதை விற்பார்? அந்த வேலைக்கான பணம் போனது, ஆனால் அவர் அனுப்பி இரண்டு பேர் வந்தார்கள்.

உண்மையான வளர்ச்சி ஓர் ஆடிட்டர் அலுவலகத்தால் வந்தது. மாதம் 20-ம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்காகக் கடைக்காரர்கள் மஞ்சள் பையில் பில்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பாதி பில் மை மங்கியது. அதைப் படம் பிடித்து, மொழி மாதிரியைக் கொண்டு படித்து, டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றும் வேலை எனக்கு. இங்கே ஒரு நுட்பம் சொல்கிறேன், கோர்ஸ் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். மொழி மாதிரி படித்ததை இன்னொரு மொழி மாதிரியைக் கொண்டு சரிபார்க்காதீர்கள். கூட்டிப் பாருங்கள். வரிக்கு முந்தைய தொகையும் இரண்டு வரிகளும் சேர்ந்து மொத்தத் தொகை வருகிறதா? ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும், நடுவில் பத்து எழுத்து பான் எண், கடைசி எழுத்து முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் அந்தக் கடைசி எழுத்து பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இருபது வரி நிரல் போதும். தேறாத பில் சிவப்புப் பட்டியலுக்குப் போகும், ஆள் பார்ப்பார். என் ஒன்பது வாடிக்கையாளர்களில் நான்கு பேர் அந்த ஆடிட்டரின் ஒரு வார்த்தையில் வந்தவர்கள்.

நமக்காகத் தானே வேலைகளைச் செய்துமுடிக்கும் ஏஐக்கு 'ஏஐ ஏஜெண்ட்' என்ற சொல் வந்தபோது எங்கள் ஊரில் விளக்குவது எளிதாக இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் ஊரிலிருந்து ஏஜெண்டை அனுப்புவார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளிகளிடம் நான் சொல்வது: "இதை ஏஜெண்டு என்று நினைக்காதீர்கள். பெட்டியடிப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக எழுதுவான், கையெழுத்துப் போட விடாதீர்கள்." உடனே புரிந்துகொள்கிறார்கள்.

கட்டணத்தில் நான் செய்த பிழை, ஒரே தொகை வாங்கிக்கொண்டு விலகியது. ஏதாவது ஒரு நிறுவனம் தன் ஏபிஐயை மாற்றும், இங்கே நள்ளிரவில் எல்லாம் நிற்கும். ஆச்சி என்னைத்தான் கூப்பிடுவார். இப்போது அமைப்பதற்குக் குறைவாகவும் பராமரிப்புக்கு மாதாமாதமும் வாங்குகிறேன். சர்வர், வாட்ஸ்அப், மொழி மாதிரி எல்லாக் கணக்கும் வாடிக்கையாளர் பெயரில், அவர் அட்டையில். அவர்களுடைய தொலைபேசி எண் பட்டியல் என் மடிக்கணினியில் இருக்காது. 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், இங்கே ஒருவர் வீட்டுக் கல்யாணப் பட்டியல் என்னிடமிருந்து வெளியே போனால் நான் ஊரில் நடமாட முடியாது.

முதலீடு என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே இருந்த மடிக்கணினி, சர்வருக்கு மாதம் ஆயிரத்துக்குள், ஆறு மாதம் வருமானம் இல்லாமல் சாப்பிடுவதற்கான பணம். பிறகு பெட்ரோல். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று வாரத்தில் நான்கு நாள் வண்டியில்தான் இருக்கிறேன். சென்னையில் இருந்திருந்தால் இந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.